தலையைத் திருப்பினால் திரையும் கூடவே வருகிறது: வீடியோ கண்ணாடியில் வி.ஆர். விளையாட முடியுமா?

பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஓசூரில் தொழிற்சாலை வேலை, வாரக் கடைசியில் ஊருக்கு வருபவர். விளையாடுவதற்கென்றே ஓரளவு நல்ல லேப்டாப் வைத்திருக்கிறார். சிங்கப்பூரிலிருந்து வந்த சித்தப்பா மகன் ஒரு வீடியோ கண்ணாடியைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். கூலிங் கிளாஸ் போல மாட்டிக்கொண்டு, வயரை யு.எஸ்.பி. சி துளையில் செருகினால் கண்ணெதிரே பெரிய திரை தெரியும் வகை. ஆசையாக லாரி ஓட்டும் விளையாட்டைத் திறந்தவருக்கு ஏமாற்றம். பக்கவாட்டுக் கண்ணாடியைப் பார்க்கத் தலையைத் திருப்பினால் திரையும் கூடவே திரும்புகிறது. எந்தப் பக்கம் பார்த்தாலும் லாரியின் முன்கண்ணாடிதான் தெரிகிறது. "இது பழுதா? இதை வி.ஆர். ஆக்க வழி உண்டா? இல்லை, 40,000 ரூபாய்க்குள் வேறு வாங்குவதா? அக்கா மகனுக்கு 7 வயது, அவனும் மாட்டிப் பார்க்க வேண்டும் என்று அழுகிறான், கொடுக்கலாமா?" என்பது அவருடைய கேள்வி.

பழுது இல்லை, தம்பி. அந்தக் கண்ணாடி தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. உங்கள் கையில் இருப்பது மூக்கின் மேல் உட்காரும் ஒரு டி.வி. வி.ஆர்., அதாவது விர்ச்சுவல் ரியாலிட்டி, என்று சொல்வது வேறு சாமான். நாம் தலையைத் திருப்பும்போது தான் திரும்பாமல், இருந்த இடத்திலேயே நிற்கும் ஓர் உலகத்தைக் காட்டினால்தான் அதற்கு அந்தப் பெயர். வீட்டுக்குள் நிற்கும்போது தலையைத் திருப்பினால் பீரோவும் கூடவே வருகிறதா? இல்லையே. பீரோ அங்கேயே நிற்கிறது என்பதால்தான் அது உண்மை என்று மூளை நம்புகிறது.

கிருஷ்ணகிரியில் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பது என் தொழில். இந்தக் குழப்பத்தோடு வருகிறவர்களைப் பல வருடங்களாகப் பார்க்கிறேன். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது, நானே ஏமாந்தவன்தான். 2012 வாக்கில் பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் ஒரு கடையில் பழைய வீடியோ கண்ணாடி ஒன்றை வாங்கி வந்தேன். பெட்டியின் மேல் ஒரு பையன் தன்னைச் சுற்றிப் பறக்கும் டைனோசர்களைக் கை நீட்டிப் பிடிப்பது போலப் படம். வீட்டுக்கு வந்து மாட்டினால், இருட்டறையின் கடைசியில் யாரோ சின்ன டி.வி. வைத்தது போல ஒரு சதுரம். கை நீட்டினால் சுவர்தான் கிடைத்தது.

வரலாற்றைப் பார்த்தால் இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 1968இலேயே அமெரிக்காவில் ஐவன் சதர்லேண்ட் என்ற கணினி அறிஞர் தலையில் மாட்டும் திரையைச் செய்து காட்டிவிட்டார். வெறும் கோடுகளால் ஆன கனசதுரம் போன்ற உருவங்கள்தான் அதில் தெரியும். ஆனால் கூரையிலிருந்து தொங்கிய ஓர் இயந்திரக் கை, மாட்டியிருப்பவரின் தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று அளந்து கணினிக்குச் சொன்னது. கணினி அதற்கேற்பக் கோடுகளை மாற்றி வரைந்தது. உருவம் நின்ற இடத்தில் நின்றது. கோடு மட்டும் இருந்தாலும் அது வி.ஆர். அதற்கு 27 ஆண்டு கழித்து, 1995இல், பெயரிலேயே 'விர்ச்சுவல்' என்று வைத்துக்கொண்டு நின்டெண்டோவின் விர்ச்சுவல் பாய் வந்தது. மேசை மேல் நிறுத்திக் குனிந்து பார்க்க வேண்டும், சிவப்பு நிறம் மட்டும்தான், தலையசைவை அது கவனிப்பதே இல்லை. அடுத்த ஆண்டே விற்பனையை நிறுத்திவிட்டார்கள். 1996இல் சோனியின் கிளாஸ்ட்ரான், 2011இல் அதே சோனியின் எச்.எம்.இசட். டி1 என்று வந்தவை எல்லாம் படம் பார்க்கும் கண்ணாடிகள். டி1இல் ஒவ்வொரு கண்ணுக்கும் 1280க்கு 720 பிக்சல் கொண்ட தனித்தனி ஓ.எல்.இ.டி. திரை, அந்தக் காலத்துக்கு அருமையான படம். ஆனால் 1968இன் இரும்புக் கை செய்த வேலையை அது செய்யவில்லை.

உங்கள் கண்ணாடி அந்தக் குடும்பத்துப் பேரப்பிள்ளை. எக்ஸ்ரியல், விட்யூர், ரோக்கிட் என்று இன்று வருபவை எல்லாம் இந்த வகைதான். எடை 80 கிராம் அளவு, பெரும்பாலும் ஒவ்வொரு கண்ணுக்கும் 1920க்கு 1080 பிக்சல்.

இவற்றின் விளம்பரத்தில் "130 அங்குலத் திரை", "200 அங்குலத் திரை" என்று போடுவதை வைத்து மயங்க வேண்டாம். அங்குலக் கணக்கு, எத்தனை அடி தள்ளி என்ற கணக்கு இல்லாமல் பொருளற்றது. சோனி டி1ஐ விற்றபோது 20 மீட்டர் தள்ளி 750 அங்குலத் திரை என்றார்கள். கேட்டால் சினிமாக் கொட்டகையையே மூக்கில் மாட்டியது போல இருக்கிறது. கோணத்தைக் கணக்குப் போட்டால் அகலவாக்கில் 45 டிகிரி. 32 அங்குல டி.வி.யின் முன் மூன்றடிக்குள் உட்கார்ந்தால் அதே 45 டிகிரி கிடைத்துவிடும். எக்ஸ்ரியல் ஏர் 2022இல் வந்தபோது அதன் பார்வைப் பரப்பு மூலைக்கு மூலை 46 டிகிரி. உங்கள் மேசையில் 24 அங்குல மானிட்டர் இருந்தால் ஒரு கை தூரத்தில் அதுவும் ஏறக்குறைய அவ்வளவுதான். நம் இரண்டு கண்களும் சேர்ந்து இடவலமாக 200 டிகிரி அளவுக்குப் பார்க்கின்றன. மிச்சம் உள்ள இடமெல்லாம் கண்ணாடியில் கறுப்பாகவோ உங்கள் வீட்டுச் சுவராகவோ இருக்கும். முகத்தை மூடி மாட்டும் வி.ஆர். ஹெட்செட்டுகள் 90இலிருந்து 110 டிகிரி வரை நிரப்புகின்றன. 'உள்ளே இருக்கிறேன்' என்ற உணர்வு அந்த ஓரப் பார்வையிலிருந்து வருகிறது.

அதற்காக உங்கள் கண்ணாடியை மட்டமாக நினைத்துவிடாதீர்கள். ஒரே கரண்டி மாவைச் சின்னக் கல்லில் ஊற்றினால் தோசை கனமாக வரும், பெரிய கல் முழுக்க இழுத்தால் மெலிந்து ஓட்டை விழும். பிக்சலும் அப்படித்தான். உங்கள் கண்ணாடியில் 1920 பிக்சல் ஏறக்குறைய 40 டிகிரி அகலத்துக்குள் அடங்குகிறது. ஒரு டிகிரிக்கு 48 பிக்சல். மெட்டா க்வெஸ்ட் 3 என்ற வி.ஆர். ஹெட்செட்டில் ஒரு கண்ணுக்கு 2064க்கு 2208 இருந்தும், பரப்பு பெரிது என்பதால் ஒரு டிகிரிக்கு 25 அளவுதான். எழுத்து படிக்க, படம் பார்க்க, சாதாரண விளையாட்டைப் பெரிய திரையில் ஆட உங்கள் கண்ணாடிதான் கூர்மை. ஓசூர் பஸ்ஸில் உட்கார்ந்து படம் பார்க்க நான் அதைத்தான் எடுத்துப் போவேன். முகம் முழுக்க மூடும் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் கண்டக்டர் என்ன நினைப்பார்? போனில் செருகும் முன் ஒன்று பார்த்துக்கொள்ளுங்கள். போனின் யு.எஸ்.பி. சி துளை படத்தையும் வெளியே அனுப்ப வேண்டும். அதற்கு டிஸ்ப்ளேபோர்ட் வசதி என்று பெயர். விலை குறைந்த ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் அது இருக்காது. துளை ஒன்று போல இருக்கும், படம் மட்டும் வராது. ஐபோனில் 15ஆம் மாடலிலிருந்து உண்டு.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். இதை வி.ஆர். ஆக்க முடியுமா?

இதே கேள்வியைக் கேட்டுக்கொண்ட ஒரு பெரிய ஆள் இருக்கிறார். டூம் விளையாட்டை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜான் கார்மாக். 2012 வாக்கில் அவர் அந்தச் சோனி டி1ஐ வாங்கி வி.ஆர். பரிசோதனையில் இறங்கினார். நொடிக்கு 240 படம் எடுக்கும் கேமராவை வைத்து, பொத்தானை அழுத்தியதிலிருந்து கண்ணாடியில் காட்சி மாறும்வரை எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்தார். 70 மில்லி நொடிக்கு மேல் ஆனது. அட்லாண்டிக் கடல் தாண்டி ஐரோப்பாவுக்கு ஒரு தகவல் போய்ச் சேரும் நேரத்தைவிட, மேசையிலிருக்கும் கணினியிலிருந்து முகத்திலிருக்கும் திரைக்கு ஒரு புள்ளி போய்ச் சேரும் நேரம் அதிகம் என்று எழுதினார். 70 மில்லி நொடி என்பது கண் சிமிட்டும் நேரத்தைவிடக் குறைவு. இதனால் என்ன ஆகிவிடும் என்று தோன்றும். கணக்குப் போடுங்கள். தலையை நொடிக்கு 100 டிகிரி வேகத்தில் திருப்புகிறீர்கள், சாதாரண வேகம்தான். 70 மில்லி நொடித் தாமதம் என்றால் உலகம் உங்கள் தலைக்கு 7 டிகிரி பின்தங்கி வருகிறது. தலை நின்ற பிறகும் லாரியின் ஸ்டியரிங் ஒரு நொடிப் பின்னத்துக்கு நகர்ந்து வந்து நிற்கும். இதனால்தான் தாமதத்தை 20 மில்லி நொடிக்குள் அடக்க வேண்டும் என்பதை வி.ஆர். செய்கிறவர்கள் அளவுகோலாக வைத்திருக்கிறார்கள். அந்த ஆண்டே கார்மாக், பாமர் லக்கி என்ற இளைஞர் செய்த மாதிரி ஹெட்செட்டைக் கையில் எடுத்தார். அது ஓக்குலஸ் ரிஃப்ட் ஆனது. 2014இல் ஃபேஸ்புக் (இன்றைய மெட்டா) அந்தக் கம்பெனியை வாங்கியது. இன்றைய க்வெஸ்ட் அதன் வழி வந்ததுதான்.

தாமதம் இருந்தால் படம் அழகாக இருக்காது என்பதோடு விஷயம் முடியவில்லை. வயிறு பேசும். ஒகேனக்கலில் பரிசல் ஏறியிருப்பீர்கள். நடு ஆற்றில் பரிசல்காரர் துடுப்பை ஒரு பக்கம் போட்டுப் பரிசலைச் சுற்றுவார். பிள்ளைகள் கத்திச் சிரிப்பார்கள், பெரியவர்களில் யாராவது ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு வாயைப் பொத்துவார். காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு "சுற்றுகிறோம்" என்கிறது. கண் பரிசலின் உட்புறத்தையும் எதிரே உட்கார்ந்திருக்கும் மாமாவையும் பார்த்துக்கொண்டிருந்தால் "அசையவே இல்லையே" என்கிறது. மூளைக்கு எதை நம்புவது என்று தெரியவில்லை, வயிறு புரட்டுகிறது. கரையில் ஒரு பாறையைப் பார்த்துக்கொண்டு வந்தால் கொஞ்சம் அடங்கும். வி.ஆரில் இதே சண்டை தலைகீழாக நடக்கும்: உடம்பு நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது, கண் "நான் மணிக்கு 80 கிலோமீட்டரில் வளைவில் திரும்புகிறேன்" என்கிறது. தாமதமும் சேர்ந்தால், தலையின் ஒவ்வொரு சின்ன அசைவும் ஒரு குட்டிப் பரிசல் சுற்று.

ஆக முழு வி.ஆர். ஆகாது. ஆனால் லாரி விளையாட்டு என்று சொன்னீர்கள் பாருங்கள், அதில் பாதி வழி போகலாம். உட்கார்ந்து ஓட்டும் வண்டி, விமானம் போன்றவற்றில் நீங்கள் நடக்க வேண்டியதில்லை, கை எதையும் பிடிக்க வேண்டியதில்லை. தலை திரும்புவது மட்டும் தெரிந்தால் போதும். யூரோ ட்ரக் சிமுலேட்டர் 2 போன்ற விளையாட்டுகள் ட்ராக்ஐஆர் என்ற தலையசைவுக் கருவியைப் புரிந்துகொள்ளும். அந்தக் கருவியை வாங்க வேண்டாம். ஓப்பன்டிராக் என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. வெப்கேமராவிலிருந்தோ, போனின் உணரியிலிருந்தோ, சில வீடியோ கண்ணாடிகளின் உள்ளேயே இருக்கும் உணரியிலிருந்தோ தலையசைவை எடுத்து, ட்ராக்ஐஆர் பேசுவது போலவே விளையாட்டிடம் பேசும். கண்ணாடி மாட்டிய முகத்தை வெப்கேமரா சில நேரம் அடையாளம் காணாது. அப்போது பழைய போன் ஒன்றைத் தொப்பியின் மேல் வைத்துக் கட்டிக்கொள்ளுங்கள். வீட்டில் சிரிப்பார்கள், பரவாயில்லை.

அமைப்பில் இரண்டு இடத்தில் எல்லோரும் தவறுகிறார்கள். மானிட்டர் வைத்து ஆடுகிறவர்கள் தலையைக் கொஞ்சம் திருப்பினால் காட்சி நிறையத் திரும்பும்படி வைத்திருப்பார்கள், ஏனென்றால் அவர்கள் கண் மானிட்டரை விட்டு விலக முடியாது. உங்களுக்குத் திரை தலையோடு வருகிறது. ஆகவே தலை 30 டிகிரி என்றால் காட்சியும் 30 டிகிரி, ஒன்றுக்கு ஒன்று என்று வையுங்கள். இது ஒன்று. மற்றது விளையாட்டுக்குள் இருக்கும் பார்வைக் கோணம். வழக்கமாக 70, 80 என்று இருக்கும். அதைக் கண்ணாடியின் அகலத்துக்கு ஏற்ப 40க்கு அருகே இறக்கினால்தான் லாரி தன் உண்மையான அளவில் தெரியும். காட்சி நீந்துவது போலத் தோன்றுவதும் குறையும். ஜன்னல் சின்னதாகத்தான் இருக்கும். லாரிக்குள் உட்கார்ந்து ஒரு பைனாகுலர் வழியாகப் பார்ப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இடப்பக்கக் கண்ணாடியைத் திரும்பிப் பார்த்து, நேரே பார்த்து, வலப்பக்கம் பார்த்து ஓட்டுவதில் ஒரு சுகம் இருக்கிறது. தொப்பூர் கணவாயில் லாரி இறக்குகிற ஓட்டுநரின் பக்கத்தில் ஒரு தடவை உட்கார்ந்து வந்திருக்கிறேன். அந்த மனிதரின் கழுத்து ஓயவே இல்லை.

ஆழமாகத் தெரிய வேண்டும் என்றால் பல கண்ணாடிகளில் 3டி முறை இருக்கும். ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்தால் 3840க்கு 1080 என்ற அகலப் படத்தை எடுத்து, இடப்பாதியை இடக்கண்ணுக்கும் வலப்பாதியை வலக்கண்ணுக்கும் பிரித்துக் கொடுக்கும். அப்படி இரட்டைப் படம் தரும் விளையாட்டு வேண்டும். இல்லாவிட்டால் ரீஷேட் போன்ற மென்பொருளைக் கொண்டு உண்டாக்கலாம். செய்து பார்த்தேன், கண் வலித்தது, விட்டுவிட்டேன். உங்களுக்குப் பிடிக்கலாம்.

எதைச் செய்தாலும் நடக்காதது ஒன்று உண்டு. ஹாஃப் லைஃப்: அலிக்ஸ், பீட் சேபர் போன்றவை உங்கள் கைகள் அறையில் எங்கே இருக்கின்றன என்று தெரிந்தால்தான் ஓடும். தலை முன்னே குனிகிறதா, பக்கவாட்டில் நகர்கிறதா என்பதும் தெரிய வேண்டும். கண்ணாடியின் உணரி திரும்புவதை மட்டும் அறியும், நகர்வதை அறியாது. திரும்புவதை மட்டும் அறிவதைக் கம்பெனிக்காரர்கள் த்ரீ டி.ஓ.எஃப். என்பார்கள், நகர்வதையும் சேர்த்து அறிவதை சிக்ஸ் டி.ஓ.எஃப். என்பார்கள். வாங்கும்போது பெட்டியில் 'சிக்ஸ்' என்று இருக்கிறதா என்று பாருங்கள், மற்ற வருணனையைப் பிறகு படிக்கலாம். புதிய வீடியோ கண்ணாடிகளில் சில, எக்ஸ்ரியல் ஒன் போல, திரையைக் காற்றில் ஓரிடத்தில் நிறுத்திக் காட்டுகின்றன. தலையைத் திருப்பினால் திரை அங்கேயே நிற்கும். நல்ல வசதிதான். ஆனால் நிற்பது திரை, உலகம் நிற்பதில்லை. அதை நம்பி வி.ஆர். என்று வாங்கிவிடாதீர்கள்.

போனை உள்ளே செருகும் பெட்டி வகையும் வி.ஆர். விளையாட்டுக்கு ஆகாது. 2014இல் கூகுள் அட்டைப்பெட்டியில் செய்து காட்டிய யோசனை அது. 2023இல் ஜியோ 1,299 ரூபாய்க்கு ஜியோடைவ் என்று கிரிக்கெட் பார்க்க ஒன்றைக் கொண்டுவந்தது. சுற்றிலும் தெரியும் வீடியோ பார்க்க நன்றாக இருக்கும். அதற்கும் போனில் ஜைரோஸ்கோப், அதாவது திரும்புவதை அறியும் உணரி, இருக்க வேண்டும்.

வாங்குவது என்றால், 40,000 ரூபாய் கணக்கில் நான் பார்க்கச் சொல்வது மெட்டா க்வெஸ்ட் 3எஸ். 2024 அக்டோபரில் அமெரிக்காவில் 299 டாலருக்கு வந்தது. உள்ளே இருக்கும் சிப் க்வெஸ்ட் 3இல் இருப்பதேதான். திரையும் லென்ஸும் பழைய க்வெஸ்ட் 2 தரம், 1832க்கு 1920. கணினி இல்லாமலே தனியாக ஓடும். வேண்டும்போது லேப்டாப்போடு வயரிலோ வைஃபையிலோ இணைக்கலாம். வைஃபை என்றால் ரவுட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் இருக்க வேண்டும், அதே அறையில் இருக்க வேண்டும், லேப்டாப்பிலிருந்து ரவுட்டருக்கு வயர் போட்டுவிட வேண்டும். ரவுட்டர் கூடத்திலும் நீங்கள் மாடி அறையிலும் இருந்தால் படம் துண்டு துண்டாக வரும், ஹெட்செட்டைத் திட்டுவீர்கள்.

வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விற்பவர்களிடம் வாங்கினால், பழுதானால் யார் பார்ப்பார்கள் என்று பணம் கொடுக்கும் முன் கேளுங்கள். "ஒரு வருட வாரண்டி" என்று எஸ்.பி. ரோட்டில் எனக்கு வாயால் சொன்னவர், மூன்றாம் மாதம் போனபோது கடையையே வேறு சாமானுக்கு மாற்றியிருந்தார். யாராவது சொந்தக்காரர் வெளிநாட்டிலிருந்து வருகிறார் என்றால் அவரிடமே சொல்லிவிடுவது மேல். உங்களுக்குத்தான் சித்தப்பா மகன் இருக்கிறாரே.

பழைய சந்தையில் இன்னொரு குழி இருக்கிறது. எச்.பி., லெனோவோ, ஏசர், சாம்சங் என்று பல கம்பெனிகள் விண்டோஸ் மிக்ஸ்டு ரியாலிட்டி என்ற ஏற்பாட்டில் ஹெட்செட் செய்தன. இப்போது மலிவாகக் கிடைக்கும், பார்க்கவும் புதிது போல இருக்கும். மைக்ரோசாஃப்ட் அந்த ஏற்பாட்டையே கைவிட்டு, 2024இல் வந்த விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பில் அதை எடுத்துவிட்டது. லேப்டாப்பைப் புதுப்பித்த நாளில் ஹெட்செட் சும்மா கிடக்கும் பொருளாகிவிடும். போன வருடம் ஒரு கல்லூரிப் பையன் இதைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வந்தான். லென்ஸ் துடைத்துக் கொடுத்தேன், வேறென்ன செய்ய?

அடுத்து, வீடு. இதைக் கம்பெனிக் கையேடுகள் நம் வீட்டைப் பார்த்து எழுதவில்லை. நின்று ஆடுவதற்கு இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர் காலி இடம் வேண்டும் என்பார்கள். தரையில் அது கிடைத்துவிடும், கட்டிலைத் தள்ளினால் போதும். தலைக்கு மேல் யார் பார்ப்பது? ஹெட்செட்டின் எல்லைக்கோடு தரையில் வரையப்படுகிறது, மேலே சுழலும் மின்விசிறி அதற்குத் தெரியாது. கிரிக்கெட் ஆடும்போது தலைக்கு மேல் வந்த பந்தைப் பிடிக்க நான் எம்பியதில் கையிலிருந்த கட்டுப்பாட்டுக் கருவி மின்விசிறியின் இறக்கையில் பட்டது. இறக்கை வளைந்து, கருவியின் ஓரம் உடைந்தது. விரல் தப்பியது என் மனைவியின் வேண்டுதல் என்று அவர் இன்றும் சொல்கிறார். மின்விசிறியை நிறுத்திவிட்டு ஆடுங்கள். சித்திரை வெயிலில் நிறுத்தினால் வேர்த்து லென்ஸ் பனிபூத்துவிடும், உண்மைதான். அதற்கு ஒரு மேசை விசிறியை ஒரு பக்கமாக, எட்டாத தூரத்தில் வைத்துவிடுங்கள். குளிர்ச்சி கிடைப்பதோடு, காற்று எந்தக் கன்னத்தில் படுகிறது என்பதை வைத்து எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறோம் என்பதும் தெரியும். கண் மூடிய நிலையில் திசை தப்பிச் சுவரில் குத்துகிறவர்களுக்கு இது பெரிய உதவி. நடுவில் ஒரு சின்னக் கோரைப்பாயை விரித்து, வழுக்காமல் தரையில் ஒட்டி, வெறுங்காலோடு நில்லுங்கள். பாயை விட்டுக் கால் இறங்கினால் பாதம் சொல்லிவிடும்.

வெயில் என்றதும் நினைவுக்கு வருகிறது. ஹெட்செட்டை ஜன்னலோரம் லென்ஸ் வானம் பார்க்க வைக்காதீர்கள். பூதக்கண்ணாடியால் காகிதத்தை எரித்து விளையாடியிருப்போமே, அதேதான். லென்ஸ் வழியாக வெயில் குவிந்து திரையில் புள்ளி விழுந்துவிடும், போனால் போனதுதான். காலையில் பத்து மணிக்குக் கூடத்தில் விழும் வெயிலே அதைக் கெடுக்கப் போதும்.

பவர் கண்ணாடி போடுகிறவர்கள் "திரைதான் கண்ணுக்கு இரண்டு அங்குலத்தில் இருக்கிறதே, கிட்டப்பார்வைக்காரனுக்கு எதற்குக் கண்ணாடி?" என்று கேட்பார்கள். லென்ஸ் அந்தப் படத்தைச் சில அடி தள்ளி இருப்பது போலத்தான் கண்ணுக்குக் காட்டும். தூரத்துக்குக் கண்ணாடி போடுகிறவர் இதற்கும் போட வேண்டும், அல்லது உள்ளே பொருத்தும் பவர் லென்ஸ் செய்துகொள்ள வேண்டும். இரண்டு கண்மணிகளுக்கும் உள்ள இடைவெளியையும் அளந்து பொருத்துங்கள். பெரியவர்களுக்குச் சராசரி 63 மில்லிமீட்டர். க்வெஸ்ட் 2, 3எஸ் இரண்டிலும் மூன்று நிலைகள்தான். உங்கள் அளவு அவற்றிலிருந்து மிகவும் விலகியிருந்தால் வாங்கும் முன்பே போட்டுப் பார்த்துவிட வேண்டும்.

மாப்பிள்ளை விஷயம். 7 வயதுப் பையனுக்கு வேண்டாம். க்வெஸ்ட்டுக்கு மெட்டா முன்பு 13 வயது என்று வைத்திருந்து 2023இல் 10 என்று குறைத்தது. அதுவும் பெற்றோர் கண்காணிப்பில் கணக்கு திறந்தால். சோனியின் பி.எஸ்.வி.ஆர். 2 ஹெட்செட்டுக்கு 12. சிறு பிள்ளைகளின் கண்மணி இடைவெளி குறைவு என்பதால் படம் சரியாகப் பொருந்தாது. தவிர, கண்கள் தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஏற்ப உள்ளே குவியும்போது கண்ணின் லென்ஸும் அதற்கேற்ப மாறுவது இயல்பு. ஹெட்செட்டில் திரை ஒரே தூரத்தில் இருப்பதால் இந்த இரண்டும் பிரிந்து வேலை செய்ய வேண்டியிருக்கிறது. வளரும் கண்ணை இதில் போட்டுப் பழக்க நான் துணிய மாட்டேன். அவனுக்கு அந்தப் பழைய வீடியோ கண்ணாடியில் பத்து நிமிடம் பொம்மைப் படம் காட்டினால்? அதையும் அக்காவைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

வாங்கிய முதல் வாரம் ஓடுகிற, பறக்கிற விளையாட்டைத் தொடாதீர்கள். நின்ற இடத்தில் கையை மட்டும் வீசி ஆடுவதில் தொடங்குங்கள். ஐதராபாத்தில் செய்த ஐபி கிரிக்கெட் அதற்குத் தோதானது. நீங்கள் கிரீஸில் நிற்கிறீர்கள், பந்துதான் வருகிறது. நெற்றியில் வேர்வை, வாயில் எச்சில் ஊறுவது, இந்த இரண்டில் ஒன்று தெரிந்ததும் கழற்றிவிடுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு தொடர்ந்தால் பழகிவிடும் என்று சொல்வார்கள். என் அனுபவத்தில் ஹெட்செட்டைப் பார்த்தாலே குமட்டுகிற நிலைதான் பழகும். மத்தியானம் வயிறு நிறையக் களி சாப்பிட்டுவிட்டு மாட்ட வேண்டாம். ஆடி முடித்த உடனே பைக்கை எடுக்கவும் வேண்டாம். தூரம் மதிப்பிடுவது கொஞ்ச நேரம் தடுமாறும், அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போங்கள்.

இந்த வாரமே செலவில்லாமல் செய்யக்கூடியது ஓப்பன்டிராக்கை இறக்கி, லாரி விளையாட்டில் தலையைத் திருப்பிப் பார்ப்பது. அது ஓடினால் உங்கள் லேப்டாப்பின் கிராபிக்ஸ் அட்டை எது என்று எழுதுங்கள், க்வெஸ்டோடு இணைத்தால் எந்த அளவுக்கு இழுக்கும் என்று சொல்கிறேன். வாங்குவதற்கு முன் போட்டுப் பார்க்க வேண்டும் என்றால், ஓசூரிலிருந்து வரும் வழியில் கிருஷ்ணகிரியில் இறங்கி என் கடைக்கு வாருங்கள். ஒரு சுத்தமான கைக்குட்டையை மட்டும் எடுத்து வாருங்கள், நெற்றியில் கட்டிக்கொள்ள. போன வாரம் என் மச்சான் ஆடிய வேர்வை ஹெட்செட்டில் இன்னும் காயவில்லை.